காதுக்கும் நெஞ்சுக்கும் ஒரே குறை

வெட்கம் எனக்குப் புதுசில்லை. என் மூத்த மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அது என்னோடேயே குடியிருந்தது. மலாய் நாட்டில், காஜா பேராங் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி ஆறுவதற்குள் என் மாமியார் ஆரம்பித்துவிடுவார்: "முழுகாம இருக்கிறப்ப கிரகணத்தன்னைக்கு வெளிய போவாதடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? குழாயில தண்ணி புடிக்கப் போனா. இப்ப பாருங்க." வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மாமியார் வேற்று ஆள் இல்லை. என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்த கல்யாணம். அசல் மாமியார் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம். அத்தையிடம் எப்படிப் போடுவது? போட்டால் அப்பாவுக்குப் போய்ச் சேரும்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருசம் கழிந்திருக்கும். பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்தோம். அதற்கும் கிண்டல். "கேக்காத காதுக்குத் தோடு எதுக்கு?" என்று ஒரு சொந்தக்காரர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அடப்பாவி, தோடு என்ன கேட்பதற்கா போடுகிறோம்? மனசுக்குள் கேட்டுக்கொண்டே பிள்ளையைக் குளிப்பாட்டப் போனேன்.

ஜாலான் பெண்டஹாரா தெருவிலிருந்து நகை ஆசாரி வந்தார். தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பதால் என் தம்பி வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். மற்றப் பிள்ளைகள் என்றால், "ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இவளிடம் எதைச் சொல்வது? கம்பி காதில் ஏறியதும் திடுக்கிட்டாள். அழவில்லை. கண் மேலே செருகி, மாமன் மடியிலேயே துவண்டு போனாள்.

இதற்கு முன்பும் ஓடி விளையாடும்போது இப்படி விழுந்திருக்கிறாள். சற்று நேரத்தில் தானே எழுந்துவிடுவாள். அன்று எழவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. சாமி குத்தம் என்றார் ஒருவர். வேப்பிலை கொண்டா என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா தலைமுறை தலைமுறையாய் மலாய் பேசிவந்த குடும்பம், தமிழ் அவ்வளவாக வராது. அவர்தான் மலாயில் சத்தம் போட்டுக் கூட்டத்தை விலக்கி, டாக்சி பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பாதி வழியில் பிள்ளை கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, நீளக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். டாக்டருக்கு உதவியாக அங்கே வேலை பார்த்த தமிழ் டிரசர் மொழிபெயர்த்தார், அதுவும் வார்டே கேட்கும்படி. கூட வந்திருந்த அத்தை அவரிடமும் கிரகணத்தை எடுத்து வைத்தார்.

"கிரகணமெல்லாம் இல்லையாம். காதும் நெஞ்சும் வயித்துல உருவாவும்போதே கோளாறா இருக்கலாமாம். தாய்கிட்டேர்ந்தும் தகப்பன்கிட்டேர்ந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தா இப்படி ஆவுமாம். நீயும் புருசனும் சொந்தமான்னு கேக்கிறாரும்மா."

"அத்தை மகன்" என்றேன். ஊரே கட்டுகிற முறைதான். ஆனாலும் அந்த இடத்தில் சொல்லும்போது, திருடி அகப்பட்டவள்போல் குரல் உள்ளே போய்விட்டது.

இந்தக் காலத்து டாக்டர்கள் இதை விளக்கமாகச் சொல்கிறார்கள். உடம்பில் உப்பைப் போகவிடும் மிகச் சின்னக் கதவு ஒன்று உண்டாம். உட்காதிலும் அதே கதவு, இதயச் சதையிலும் அதே கதவு. அதைச் செய்வதற்கான குறிப்பு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் கருவுக்கு வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது காதைக் காப்பாற்றிவிடும். இரண்டும் பழுதானால் காது கேட்காது. ஓடினாலோ பயந்தாலோ நெஞ்சு தாளம் தவறும். அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? இன்னொரு தடவை விழுந்தால் எழாமலே போகலாம் என்பது மட்டும் டாக்டருக்குத் தெரிந்திருந்தது.

"உங்க குடும்பத்தில முன்னாடி காது கேக்காத பிள்ளை, திடீர்னு விழுந்து செத்த பிள்ளை உண்டான்னு கேக்கிறாரு. யோசிச்சுச் சொல்லுங்க. இது நெஞ்சா, இல்ல வெறும் வலிப்பான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணுமாம்."

"இல்ல" என்றார் அத்தை, சட்டென்று.

டாக்டர் பேனாவை எடுத்தார். வலிப்பு மருந்து எழுதப் போகிறார் என்றார் டிரசர். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

"ஒருத்தி இருந்தாடி. உன் புருசனுக்கு மூத்தவ. காது கேக்காது. உங்கப்பனுக்கும் தெரியும். வெளிய சொன்னா நம்ம வீட்டுல யாரு சம்பந்தம் பண்ணுவான்னு மறைச்சிட்டோம். கோழியத் துரத்திக்கிட்டு ஓடினா, விழுந்தா. நடிக்கிறான்னு அறைஞ்சேன். எழுந்திரிக்கலன்னு திரும்பத் திரும்ப அறைஞ்சேன். அப்புறந்தான் பாத்தேன், எப்பவோ போயிருக்கா."

எத்தனை வருசமாக அந்தக் கிரகணத்தை என் தலையில் கட்டியிருந்தார்! நன்றாக நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. அப்பாவையும் நினைத்தபோது தலை நிமிரவில்லை. டிரசர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திச்சு சார்" என்றேன், வார்டே கேட்கும்படி. "எங்க குடும்பத்திலயும் ஒரு பிள்ளை இருந்திச்சு. டாக்டரை வலிப்பு மருந்து எழுத வேணாம்னு சொல்லுங்க. நான் சொல்றேன்."