பட்டனுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே

கவ்வ வைத்த கிளிப்பைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் கவ்வ வைக்கிறாள். கணினியின் பலகையில் கடலைப்பருப்பு அளவில் ஒரு சில்லு. பக்கத்துக்கு நாலாக அதற்கு எட்டுக் கால். அத்தனை கால்களையும் கிளிப்பின் பற்கள் ஒழுங்காகப் பிடித்தால்தான் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியும். ஒரு முறை கவ்வி ஒரு பிரதி, கழற்றி மறுபடி கவ்வி இன்னொரு பிரதி. இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனால்தான் அடுத்த வேலை. "ஒரே பிடியில ரெண்டு தடவை படிச்சா, ரெண்டும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்" என்பாள். வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வெளியே போனதுண்டு. கிளிப் இல்லாமல் போனதில்லை. கிளிப் அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பிழைப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. மனசு வேறு இடத்தில். கணினியின் பட்டனை அழுத்தியதும், திரையில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே, நினைவகம், விசைப்பலகை, வட்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும் சின்ன நிரல் ஒன்று உண்டு. ஃபர்ம்வேர் என்பார்கள். அந்தச் சில்லுக்குள் எழுதியிருப்பது அதுதான். கணினியைச் செய்கிற நிறுவனங்கள் பெரும்பாலும் அதைப் பூட்டியே விற்கும். அதற்குப் பதிலாக, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்த மூலநிரலாக ஒன்றை எழுதி வருகிறது, உலகமெங்கும் சிதறிக் கிடக்கிற ஒரு கூட்டம். அதில் ஒரேயொரு பழைய மடிக்கணினி மாதிரிக்கு இவள் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. கவலை மட்டும் வஞ்சகமில்லாமல் கிடைக்கும்.

முகம் தெரியாத எவரோ எங்கிருந்தோ "புதுசை ஏத்தினேன், திரை இருட்டா இருக்கு" என்று எழுதினால் போதும், இவளுக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "பட்டனைத் தொடாதீங்க. முதல் தடவை அது நினைவகத்தோட பழகணும், நேரமாகும். நடுவுல அணைச்சீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து." அந்த ஆள் "வந்துடுச்சு" என்று எழுதும்வரை வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. கணவர் பேருந்து ஓட்டுநர். "எவன் வீட்டுத் திரையோ எரியலைன்னு நம்ம வீட்டு அடுப்பு எரிய மாட்டேங்குது" என்று அவர் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

வேலைக்கு உட்காரும் முன் மின்விசிறியை அணைப்பாள். கழற்றுகிற திருகுகளை, கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போடுவாள். பக்கத்தில் யாராவது தும்மினால் கொலைக்குற்றம் செய்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் மேசைக்கு வந்தது நாத்தனாருடைய கணினி, இவள் பொறுப்பில் இருக்கும் அதே மாதிரி.

கணவரின் அக்காவான அந்த நாத்தனார், மருத்துவர்களுக்கும் மொழி தெரியாத நோயாளிகளுக்கும் நடுவே வீடியோ அழைப்பில் மொழிபெயர்ப்பவர். அவருடைய கணினியில் வைஃபை அட்டை செத்துப்போனது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால், "அனுமதிக்கப்படாத அட்டை" என்று சொல்லி, எழும்பும்போதே படுத்துவிட்டது. தன் வீட்டுச் சரக்கைத் தவிர எதையும் வாசற்படி ஏற்றமாட்டேன் என்று பழைய ஃபர்ம்வேருக்கு அப்படியொரு வீம்பு. அந்தச் சரக்கோ இப்போது எந்தக் கடையிலும் இல்லை. வெளியே செருகும் வைஃபைக் குச்சியை நம்பினால் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. மருத்துவமனை இந்த ஒரு கணினியைத்தான் பதிவு செய்து உள்ளே விடுகிறது. வேறொன்றுக்கு அனுமதி வாங்க வாரக்கணக்காகும். மறுநாள் காலையில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. மருத்துவர் சொல்வதை அவளுக்கும், அவள் பயத்தை மருத்துவருக்கும் இவர்தான் சொல்லியாக வேண்டும்.

நாத்தனாருக்கும் இவளுக்கும் பெரிய சண்டை கிடையாது. பெரிய பேச்சுவார்த்தையும் கிடையாது. "வேற வழியில்லைன்னுதான் கொண்டாந்தேன்" என்று கணினியை வைத்தவர், நாற்காலியை இழுத்துப்போட்டு இவள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"இதோ ஆயிடும் அண்ணி."

"இப்படிக் குடலை உருவிப் போட்டிருக்கியே, திரும்ப ஒண்ணாச் சேருமா? நாளைக்கு அந்தப் பொண்ணு என் குரலைத்தான் தேடும், ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் வைத்துக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று. தேவைப்பட்டால் திரும்பிப் போக, பழைய ஃபர்ம்வேரின் முதல் பிரதியை எடுத்தாள். கிளிப்பைக் கழற்றாமல் அதே பிடியிலேயே இரண்டாவதையும் எடுத்தாள். இரண்டும் ஒத்துப்போயின. பழையதை அழித்து, தங்கள் கூட்டத்தின் திறந்த ஃபர்ம்வேரை எழுதத் தொடங்கியபோது கிளிப் நழுவி விழுந்தது. மறுபடி கவ்வ வைத்து எழுதி முடித்துவிட்டாள். கழற்றிய கிளிப்பின் பற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது நழுவுகிற பிடி, படிக்கும்போது மட்டும் சரியாக இருந்ததா? சில்லில் பழையது இல்லை. கையில் இருக்கிற பிரதியை நம்பவும் முடியவில்லை.

மூடியைப் பொருத்திப் பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் இருட்டு.

"என்னம்மா, கறுப்பாவே இருக்கு?"

"பழகிட்டிருக்கு அண்ணி. பட்டனைத் தொடாதீங்க."

நாத்தனார் தொடவில்லை. தொடத் துடித்தது இவள் விரல்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து உட்கார்ந்தாள். கணவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். வழக்கமாகக் கிண்டலடிக்கிற மனிதர் வாயைத் திறக்காமல் போனதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். பழசோட பிரதியை நான் ஒழுங்கா எடுக்கலை. அவசரத்துல விட்டுட்டேன். இது வரலைன்னா பழசுக்குத் திரும்ப முடியுமான்னு எனக்கே தெரியாது."

"அதை ஏன் இப்ப சொல்றே?"

"வந்தப்புறம் சொன்னா, அது சொன்னதா ஆகாது."

நாத்தனார் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். திட்டவில்லை. மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல எண்ணியோ என்னவோ கைப்பேசியை எடுத்தார். எண்ணை அழுத்தாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஒரே இருட்டை இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. எழுத்துகள் வந்தன. புது அட்டையை ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டு, கணினி வைஃபைக்குக் கடவுச்சொல் கேட்டது.

"வந்துடுச்சுடி! வந்துடுச்சு!" நாத்தனார் ஒருநாளும் இவளை 'டி' போட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

கிளிப் அக்கா சிரிக்கவில்லை. முதல் தடவை எழும்புவது பாதி வேலைதான். பழகியதை நினைவில் வைத்துக்கொண்டதா என்பது அடுத்த தடவைதான் தெரியும்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு காத்திருக்கையில இது படுத்துடக் கூடாது அண்ணி" என்றாள். நாத்தனாரின் இரண்டு கைகளுக்கும் நடுவே தன் கையை நுழைத்து, பட்டனை அழுத்தி, ஒளிர்ந்துகொண்டிருந்த கணினியை அணைத்தாள்.