ராகிக் கதிர் காட்டிக் கேட்ட கேள்வி

சங்ககிரியில் நான் பாடம் நடத்தும் ஒன்றாம் வகுப்பில், இன்று காலை ஒரு ராகிக் கதிரைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதப் பேனாவை எடுத்தபோது, விரலில் ஒட்டியிருந்த பச்சைக் கதிரின் வாசனை மூக்கில் ஏறியது.

எனக்குப் பத்து வயதில், எங்கள் பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டரும் இப்படித்தான் கதிரைக் காட்டினார். எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகள் குப்பாயி வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏம் புள்ள, ராகியக்கூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாம என்னங்க அம்மிணி? பாவம், அவருக்குத்தான் தெரியலீங்க. இத்தன பேரு முன்னாடி நாஞ்சொன்னா அவருக்கு வெக்கமா இருக்காதுங்களா?"

அவள் வீட்டில் பதில் தெரியாதவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும், ஓடிப்போய் வாத்தியாரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். பள்ளிக்கூடமே சிரித்தது, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். மறுநாளிலிருந்து குப்பாயி ஆடு மேய்க்கப் போய்விட்டாள்.

எழுதாமல் பேனாவை மூடினேன். மணியடித்து எல்லாரும் போனபின், அந்தப் புதுப் பெண் மேசையருகே வந்து நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதோரமாக எம்பி மெல்லச் சொன்னாள்.

"அது ராகிங்க, டீச்சர்."