பின்னப் பாடம் கப்பலேறி வந்த கதை

பிள்ளைகள் என் மகளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ‘கல் வாலி மிஸ்.’ எங்கள் அந்தமான் தீவு இந்தியில், நாளைக்கு டீச்சர் என்று அர்த்தம். நான் கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மகள் லாங் ஐலண்டில் நாலாம் வகுப்பு டீச்சர். நான் அவளோடு இருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். என் பேச்சை நடுநடுவே திருத்துகிறாள். டீச்சர் இல்லையா, திருத்தட்டும்.

வகுப்பில் அரை, கால், முக்கால் என்று பின்னக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்துப் படம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. மெயின்லேண்டில் யாரோ ஒரு டீச்சர் அதையே ரொட்டியை வெட்டிக் காட்டி வீடியோ எடுத்து நெட்டில் போட்டிருக்கிறாளாம். காசு கிடையாது, எந்த டீச்சர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். “நாளைக்குக் காட்டுறேன்” என்று மகள் வகுப்பில் சொல்லிவிட்டாள். எங்கள் ஊர் நெட்டை நம்பி யாராவது வாக்குக் கொடுப்பார்களா? ஒரு போட்டோ வருவதற்குள் அரிசி வெந்துவிடும். மறுநாளும் நாளைக்கு என்றாள். அதற்கு மறுநாளும். பெயர் விழுந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கண் காட்ட நான் போர்ட் பிளேர் போக வேண்டியிருந்தது. மகள் என் போனில் அந்த வீடியோ இருக்கிற பக்கத்தை எடுத்து வைத்துக்கொடுத்தாள்.

“ரொட்டிப் படம் இருக்குல்லம்மா, அதுக்குக் கீழ அம்பு இருக்கும். அத அமுக்கு. வட்டம் சுத்திச் சுத்தி முழுசா நெறையணும், அப்பத்தான் வீடியோ போன்ல எறங்கும். திங்கக்கிழம கண்டிப்பா காட்டுறேன்னு சொல்லிட்டேன்.”

“மறுபடியும் சொல்லிட்டியாடி?”

“நீ இருக்கியேங்கிற தைரியத்துலதான்.”

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் என் தங்கை வீட்டில் தங்கினேன். அங்கே நெட் பறக்கிறது. ரொட்டி டீச்சரைத் தேடிப் போனால் பக்கத்திலேயே இன்னும் எத்தனை டீச்சர்கள்! ஒருத்தி காகிதத்தில் மீன் செய்கிறாள், ஒருத்தர் வாளியில் தண்ணீர் வைத்து எது மிதக்கும் எது முங்கும் என்று காட்டுகிறார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் நான், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டேன். ஆரஞ்சுப்பழம் மிதக்கிறது, தோலை உரித்தால் முங்குகிறது. உங்களுக்குத் தெரியுமா? ரொட்டி அம்பை அமுக்கலாம் என்று பார்த்தால் வட்டம் அசையவில்லை.

தங்கை போனை வாங்கிப் பார்த்தாள். “இன்னிக்கி டேட்டாவ முழுசா தின்னுட்டக்கா. இனி நாளைக்கித்தான்.”

எனக்கும் ‘நாளைக்கு’ வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் அக்கரைக்குப் போகிற சாத்தம் போட்டைப் பிடித்து, ஆட்டோ ஏறி, ஃபீனிக்ஸ் பே துறைமுகம் போய்ச் சேர்ந்தேன். கியூ, டிக்கெட், மூட்டை. எல்லாம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்பை அமுக்கினேன். வட்டம் மெல்ல நகர ஆரம்பித்தது. அதற்குள் ஏறச் சொல்லிவிட்டார்கள். சீட்டில் உட்கார்ந்தேன், கப்பல் கொம்பு ஊதியது, நான் போனை அணைத்தேன்.

தீவுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. துறைமுகத்தைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. போன் சும்மா தேடித் தேடி பேட்டரியைக் காலி பண்ணும். கொம்புச் சத்தம் கேட்டால் கை தானாகப் போகும். அணைத்தபிறகுதான் வட்டம் ஞாபகம் வந்தது. திரும்பப் போட்டேன். பாதியில் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே கடல்தான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல்தட்டுக்குப் போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். தங்கை கட்டிக்கொடுத்த இட்லியைப் பிரித்து, தின்னாமல் மடித்து வைத்தேன். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கே பிள்ளைகள் வந்துவிடுமே. பக்கத்து சீட்டில், ஹேவ்லாக்கில் மளிகைக் கடை வைத்திருக்கிற தமிழ் பாய் ஒருவர். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னம்மா, கப்பல நீங்கதான் ஓட்டுறீங்களா? ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறீங்க.”

விஷயத்தைச் சொன்னேன்.

“கொம்பு ஊதுனதும் அமத்திட்டீங்களாக்கும்? நானும்தான் அமத்துனேன். நடுவுல ஹேவ்லாக்ல கப்பல் நிக்கும்ல, அங்க புடிச்சிரலாம்.”

ஹேவ்லாக் வந்தது. என் சிம்முக்கு அங்கே ஒரு கோடுகூட எழும்பவில்லை. பாய் தன் போனில் எதையோ தட்டினார், என் போனில் எதையோ தட்டினார், அவர் நெட் என் போனுக்கு வந்து வட்டம் நகர்ந்தது. ஆனால் அவர் இறங்க வேண்டிய ஊர் அது. வெங்காய மூட்டையும் முட்டை அட்டைகளும் இறங்கிக்கொண்டிருந்தன.

“நான் கீழ நிக்கிறேன், நீங்க கம்பிகிட்டயே நில்லுங்க. தள்ளிப்போனா அறுந்துரும்” என்று இறங்கினார்.

நான் மேலே கம்பியைப் பிடித்தபடி. அவர் கீழே ஜெட்டியில், சாமி வந்தவர்போல போனைத் தூக்கிப் பிடித்தபடி. வண்டிக்காரர் கத்துகிறார். “பாய், அண்டா தூப் மே ஹை!” முட்டை வெயிலில் கிடக்கிறதாம்.

“ருக்கோ! பச்சோங்கா படாயி ஹை!” பிள்ளைகள் படிப்பாம். பாய் என்னைப் பார்த்துக் கேட்டார். “நெறஞ்சிருச்சாம்மா?”

“இன்னும் கொஞ்சம் வாய் தொறந்திருக்கு தம்பி!”

கயிற்றை அவிழ்த்தார்கள். கொம்பு ஊதியது. என் விரல் அணைக்கப் போனது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கப்பல் நகர, பாயும் ஜெட்டி ஓரமாகக் கூடவே நடந்தார். ஜெட்டி முடிகிற இடத்தில் நின்றார். நான் வட்டத்தைப் பார்த்தேன். மூடியிருந்தது.

“வந்துருச்சு தம்பி!” என்று போட்ட சத்தத்தில் கப்பல் ஆள் ஓடி வந்து, யார் விழுந்தது என்று கேட்டான். பாய் முட்டையிடம் ஓடினார். நான் சீட்டுக்குப் போய் இட்லியைத் தின்றேன்.

லாங் ஐலண்ட் ஜெட்டியில் மகள் நின்றாள், சுற்றிலும் நாலைந்து பிள்ளைகள். “ஆயா க்யா, நானி?” என்று ஒரு பெண் குழந்தை என் பையைப் பிடித்து இழுத்தது. வந்ததா பாட்டி என்கிறாள். என்னை நலமா என்று ஒருத்தர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நானும் வகுப்பின் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். என் சின்ன போனைச் சுற்றி வகுப்பே குவிந்தது. வளையல் போட்ட கை ஒன்று ரொட்டியை இரண்டாக வெட்டியது, பிறகு நாலாக. அந்த டீச்சர் முகத்தைக் காட்டவே இல்லை. பின்னால் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. “மிஸ், குக்கர்! குக்கர்!” என்று பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பிறகு மகள் வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியை வெட்டக் கொடுத்தாள். ஆளுக்குக் கால்தான், ஆனாலும் சண்டை. உன் கால் பெரியது, என் கால் சின்னது. “சமமா இல்லாட்டி அது கால் இல்ல” என்று ஜெட்டியில் என் பையை இழுத்தவள் இந்தியில் கத்தினாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து நாளாயிற்று.

“மிஸ், அடுத்த வீடியோ எப்ப?” என்றார்கள்.

மகள் வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள்.

“நானிக்கு அடுத்து எப்பக் கண் காட்டணுமோ, அப்ப” என்றாள்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று சாயங்காலமே இடது கண் லேசாக உறுத்துவதுபோல இருந்தது.