குவாட் பைக்கும் பதினாறாம் நம்பர் ஊசியும்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து திரும்பும்போது சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. புதுச் சைலன்சர் மாட்டிய வண்டி. ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் பட்பட்டென்று வெடித்தது. சுற்றி நின்றவர்களெல்லாம் முகம் சுளித்தார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"தம்பி, பெட்ரோல் பத்தல பாருங்க. சைலன்சர மாத்துனீங்களே, பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்துனீங்களா?" என்று கேட்டும் விட்டேன்.

பையன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். நாற்பதைத் தாண்டிய பெண், முன் கூடையில் பைபிள், பின்னால் தலையில் அடித்துக்கொள்ளும் கணவர். "ஜெட்டாங்க்கா? இது எஃப்.ஐ. வண்டிங்க. கார்பரேட்டரே கெடையாது. லேப்டாப்ப மாட்டித்தான் சரி பண்ணோணும்" என்றான். பச்சை விழுந்தது, போய்விட்டான்.

வீடு வரும்வரை கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். சிரிக்கட்டும். நான் சொன்னது சரிதான், வண்டிதான் மாறிவிட்டது. ஒரு காலத்தில் இந்தக் காதையும் ஒரே ஒரு தையல் ஊசியையும் வைத்துக்கொண்டு நான் செய்த வேலை உங்களுக்குத் தெரியாதில்லையா, அதனால் சொல்கிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்று. திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஊசிக் கவுன்டர் என் பொறுப்பு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் ஆபரேட்டர் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வரவேண்டும். நான் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழு ஊசியாகிறதா என்று பார்ப்பேன். முழுசாக இருந்தால் ரிஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பர், ஆள் பெயர் எழுதி, புது ஊசி கொடுப்பேன். நுனி ஒன்று குறைந்தாலும் கிடையாது. அந்த மெஷினில் தைத்த கட்டு முழுவதையும் தனியே ஒதுக்கி, காந்தம் போட்டுத் தேட வேண்டும். குழந்தைகள் போடும் துணி, உள்ளே ஊசி முனை இருந்தால் என்ன ஆகும்? எந்தக் கம்பெனியிலும் இதுதான் சட்டம். ஆனால் என்னைப்போலப் பிடிவாதமாக அதைக் காத்தவர்கள் குறைவு. முதுகுக்குப் பின்னால் என்னை 'ஊசி போலீஸ்' என்பார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிடிக்காதது ஒன்று உண்டு. நான்கு வருடமாக அந்தக் கவுன்டரிலேயே இருந்தேன். எனக்கு வேண்டியது பத்தடி தள்ளி இருந்த மெக்கானிக் டேபிள். முப்பது மெஷின் ஓடும்போது எதில் தையல் விட்டுப் போகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தொட விடமாட்டார்கள். மெக்கானிக்குகளுக்குத் தலைவர் சென்னியப்பன் அண்ணன். தங்கமான மனிதர். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "உனக்கெதுக்கு கண்ணு இந்த எண்ணெய்ப் பொழப்பு? ஊசியக் குடுத்துட்டு ஃபேனுக்கடியில சொகமா உக்காந்திரு."

எண்ணெய்ப் பிழைப்பு எனக்குப் புதிதா என்ன! திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் அப்பாவிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. வாரம் ஒரு முறை நடுரோட்டில் நிற்கும். அப்பா திட்டிக்கொண்டே பிளக்கைக் கழற்றி என் கையில் போடுவார். சுடும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, பால் கம்மியாகப் போட்ட டீ நிறத்தில் இருந்தால் சரி. அப்பா எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வண்டியைத் திட்டியதிலிருந்து நானாகப் பொறுக்கிக்கொண்டதுதான். வீட்டுக்குப் போனால் அம்மா, "ஏட்டி, சட்டையெல்லாம் கிரீஸு! ஒன்னய எவன்டி கெட்டுவான்?" என்று ஆரம்பிப்பாள். கட்டினவர்தான் இப்போது ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளிக்குப் பொங்கலூரில் தென்னந்தோப்பு. தோப்பைச் சுற்றி வர ஒரு குவாட் பைக் வாங்கினார். நான்கு தடித்த சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார். முதல்முறை கம்பெனிக்குக் கொண்டுவந்தபோது செக்கிங் பெண்கள் அதற்குத் 'தவக்களை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சும்மா ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சும்மா இருக்கவில்லை. சத்தம் கெத்தாக இருக்கட்டும் என்று வேறு சைலன்சர் ஒன்றை வரவழைத்து மாட்டினார். அன்றிலிருந்து தவக்களைக்குச் சீக்கு. ஆக்சிலேட்டரைத் திருகினால் இழுக்காது, திணறும். விட்டால் பின்னால் வெடிக்கும். அந்த ஞாயிறு தோப்பில், எங்களிடம் துணி வாங்கும் பையர் ஆட்களுக்கு விருந்து. அவர்களை அதில் ஏற்றிச் சுற்றிக் காட்டவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. சனிக்கிழமை மதியம் ஒரு குட்டி யானை வேனில் ஏற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

சென்னியப்பன் அண்ணன் கார்பரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் வாசனை கவுன்டர் வரைக்கும் வந்தது. எனக்குக் கை பரபரத்தது. அவர் ஒவ்வொரு பாகத்தையும் பனியன் வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினார். இப்போது வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை! டீ டைம் வந்தது. டம்ளரோடு பக்கத்தில் போய் நின்றேன். திரும்பக் கழற்றியிருந்தார். ஜெட்டின் வாயில் மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு. அந்த சீசன் எங்களுக்கு மெரூன் ஃபிளீஸ் ஆர்டர், தொட்டாலே பஞ்சு உதிரும் துணி.

"அண்ணா, பஞ்சு அடைச்சிருக்குங்க. நீங்க தொடச்ச துணிதாங்க."

"அட ஆமா கண்ணு! பக்கத்துலயே இருந்தும் கண்ணுக்குத் தெரியல பாரு" என்று தலையைச் சொறிந்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குச் சாயங்காலமே வட்டி கட்டினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

பஞ்சை எடுத்ததும் ஸ்டார்ட் ஆனது. பழையபடியே திணறியது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அண்ணன் கோயமுத்தூரில் யாருக்கோ போன் போட்டு விவரம் கேட்டுச் சொன்னார். புதுச் சைலன்சரில் புகை தடையில்லாமல் வெளியேறுகிறது, அதனால் உள்ளே காற்று அதிகமாக வருகிறது, ஆனால் பெட்ரோல் வரும் ஓட்டை பழைய அளவுதான். தொண்ணூறு நம்பர் ஜெட்டை எடுத்துவிட்டு நூறு நம்பர் போடவேண்டும். அது வெளியிலிருந்து வரவேண்டும், ஒரு மாதம் ஆகும். முதலாளியின் முகம் தொங்கிப்போனது.

தொண்ணூறு, நூறு என்ற இரண்டு எண்களும் என் காதில் விழுந்ததும் எனக்குள் என்னவோ சொடக்கு போட்டது. ஊசிப் பாக்கெட்டில் இரண்டு எண்கள் இருக்கும். 75/11, 90/14, 100/16 என்று. தளத்தில் எல்லோரும் பதினொன்று, பதினான்கு என்று இரண்டாவதைத்தான் சொல்வார்கள், முதல் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. நாள் முழுக்க வேறு வேலை இல்லாத நான் பார்த்திருந்தேன். அது ஊசியின் தடிமன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்ற கணக்கு.

ஜெட்டைக் கேட்டு வாங்கினேன். பித்தளையில் ஒரு சின்னத் திருகாணி, நடுவில் ஓட்டை. ஊசி நம்பர் படிக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் 90 என்று இருந்தது. பதினான்காம் நம்பர் ஊசியை நுழைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாகப் போனது. பதினாறாம் நம்பரை நுழைத்தேன். நுனி போய், உடம்பு மாட்டி நின்றது.

"அண்ணா, இந்த ஜெட்டும் நம்ம ஊசியும் ஒரே கணக்குங்க. பதினாறாம் நம்பர வெச்சுத் திருகித் திருகி ஓட்டையப் பெருசாக்கிரலாங்க. பித்தளதானே, ஊசில இருக்கிற பள்ளமே செரைச்சு எடுத்துரும்."

"கெட்டுப் போச்சுன்னா?" முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

"கெட்டா ஒரு மாசம் நிக்குங்க. இப்பவும் ஒரு மாசம் நிக்கத்தான போகுது?" சொல்லிவிட்டு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சரியா வந்துச்சுன்னா என்னைய மெக்கானிக் டேபிளுக்கு மாத்தோணுங்க" என்றேன். திருப்பூர் வந்த பத்து வருடத்தில் எங்கள் நாக்கிலும் கொங்குத் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி சிரித்தார். "மொதல்ல ஓட்டிக் காமி கண்ணு, பாக்கலாம்."

ஜெட்டில் கீறல் விழாமலிருக்கத் துணி சுற்றி வைஸ் இடுக்கியில் பிடித்தேன். ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, குறட்டில் ஊசியைப் பிடித்து மெல்லத் திருகினேன். பித்தளைத் தூள் தங்கப் பொடி மாதிரி வந்தது. அதற்குள் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஊசி கடைசி வரை வழுக்கிப் போன அந்த நொடி, ஆகா, எத்தனை சம்பளம் கொடுத்தாலும் வராது! அந்தச் சந்தோஷத்தில் வெளியே இழுக்கும்போது கொஞ்சம் சாய்த்துவிட்டேன் போல. டக்கென்று ஊசி உடைந்தது.

ஜெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு துண்டு கையில் இருந்தது. சேர்த்து வைத்துப் பார்த்தேன். நுனி இல்லை.

அண்ணன் அதற்குள் ஜெட்டை ஊதி, கார்பரேட்டரில் மாட்டி முடித்துவிட்டார். முதலாளி சாவியில் கை வைத்தார். "ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் செக்கிங் டேபிள்வரைக்கும் திரும்பிப் பார்த்தது.

"நுனி கெடைக்கலீங்க. கெடைக்காம ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"ஒரு பொட்டு இரும்புக்காக நிக்கறதா? இருட்டறதுக்குள்ள வண்டி தோப்புக்குப் போயாகோணும்" என்றார் முதலாளி. குரலில் சிரிப்பு இல்லை. அண்ணன் கண்ணாலேயே 'விட்டுடு' என்றார்.

விட்டிருந்தால் டேபிள் அன்றே என்னுடையது. தெரியாமலா இருக்கும்? ஆனாலும் வாய் கேட்கவில்லை. "கொழந்த சட்டையில நுனி காணாமப் போனா மொத்தக் கட்டையும் நிறுத்தறீங்க. உங்க வண்டிக்கு மட்டும் வேற சட்டமுங்களா? நுனி இஞ்சினுக்குள்ள போனா கதை முடிஞ்சுது. மேல உக்காந்திருக்கறது உங்க விருந்தாளிங்க."

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு நிழலில் போய் நின்றார். நான் கார்பரேட்டரைத் திரும்பப் பிரித்தேன். உள்ளே இருந்த பெட்ரோலை எவர்சில்வர் டம்ளரில் வடித்துப் பார்த்தேன். இல்லை. காந்தத்தை வாசல் முழுக்க உருட்டினேன். பட்டன், ஸ்டேப்ளர் முள், யாரோ தொலைத்த ஹேர்பின் எல்லாம் வந்தன. என் நுனி வரவில்லை. முக்கால் மணி நேரம் போனது. முதலாளி மூன்று முறை வாட்ச்சைப் பார்த்தார். டேபிள் போச்சு, இருக்கிற கவுன்டரும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். வியர்வையைத் துடைக்கக் கையில் இருந்த துணியை முகத்துக்குக் கொண்டு போனேன். கன்னத்தில் சுருக்கென்று குத்தியது.

மெரூன் ஃபிளீஸ் வேஸ்ட். ஜெட்டைச் சுற்றிப் பிடித்த அதே துணி. பஞ்சுக்குள் நுனி பதுங்கியிருந்தது! இவ்வளவு நேரமும் அதைக் கையில் வைத்துக்கொண்டே உலகம் பூராவும் தேடியிருக்கிறேன். திருப்பூர்க்காரர்களுக்குப் பனியன் வேஸ்ட் கண்ணில் படாது, காற்று மாதிரி எங்கேயும் கிடக்கும். "பக்கத்துலயே இருந்தும் கண்ணுக்குத் தெரியல பாரு" என்றார் சென்னியப்பன் அண்ணன். மத்தியானம் சிரித்ததற்கு வட்டி அதுதான்.

மாட்டி ஸ்டார்ட் செய்தோம். இன்னும் லேசாகத் தடுமாறியது. காற்று ஸ்குரூவை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டேன். இன்னும் கால் சுற்று. அவ்வளவுதான், சத்தம் ஒரே சீராக நின்றது. முதலாளி தெருமுனை வரை போய் வந்தார். வெடிப்பு இல்லை, திணறல் இல்லை. பிளக்கைக் கழற்றினேன், பால் கம்மியாகப் போட்ட டீ. அதைக் கையில் ஏந்தி ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் கொண்டுபோய்க் காட்டினேன். அவ்வளவு திமிர் எனக்கு.

முதலாளி டீ நிறத்தைப் பார்க்கவில்லை, என் கன்னத்து ரத்தப் பொட்டைத்தான் பார்த்தார். "சென்னியப்பா, திங்கக்கெழமையில இருந்து இந்தப் புள்ளைக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் செட் குடுத்துரு. நம்மளையே நிறுத்தி வெச்ச புள்ள, மெஷின விட்டுருமா?"

அன்று வீட்டுக்குப் போகும் முன் ரிஜிஸ்டரைத் திறந்தேன். மூன்று துண்டையும் ஒட்டினேன். மெஷின் நம்பர் என்ற கட்டத்தில் 'முதலாளி வண்டி' என்றும், ஆபரேட்டர் கட்டத்தில் என் பெயரையும் எழுதினேன். பிறகு ஆடிட்டுக்கு வந்த பெண் அதிகாரி அந்த வரியில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார். கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. துண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது மெடல்.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் மண்டபம். தவக்களை தோப்பிலேயே துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போனது. சென்னியப்பன் அண்ணன் இல்லை. நான் வேறொரு யூனிட்டில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், என் டேபிளில் ஐந்து பெண்கள். ஸ்குரூ டிரைவரோடு அவர்கள் தளத்தில் நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காணாமல் போனவற்றில் அந்தப் பார்வை ஒன்றுக்காக மட்டும் நான் வருத்தப்படவே மாட்டேன்.

வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. கம்பெனியை மூடியபோது பழைய ரிஜிஸ்டர்களைப் பேப்பர்காரருக்குப் போட வேண்டி வந்தது. ஊசியோடு வெளியே போகக் கூடாது, ஒவ்வொன்றாக உரித்து இரும்பு டப்பாவில் போட்டு ஒப்படைக்க வேண்டும். அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உரித்துக்கொண்டே வந்தேன், அந்தப் பக்கம் வந்தது. செல்லோடேப் மஞ்சளாகியிருந்தது. அக்கம் பக்கம் யாருமில்லை. மணிபர்ஸில் வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன், கண் கலங்கியது. பிறகு டப்பாவில் போட்டுவிட்டேன். மூன்று துண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன்.