பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த குரல்

பாயான் பாரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் கீழ்வீட்டு அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அந்த அண்ணன் முன்பு எடுத்த வீடியோக்கள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அது தெரியவில்லை.

“கடையில முடியாதுன்னுட்டாங்க. நீ கொஞ்சம் பாரு தம்பி,” என்றார் அக்கா.

வெளிக்கூட்டைக் கழற்றி, உள்ளிருந்த டிஸ்கை வேறொரு கேபிளில் மாட்டிப் பார்த்தேன். நெடுநேரம் கழித்துக் கோப்புகள் தெரிந்தன.

முதலில் திறந்தது தண்ணீர்மலை முருகன் கோயிலில் எடுத்த தைப்பூச வீடியோ. அக்கா பால்குடத்தோடு படியேறுகிறார். “மெதுவா லா, விழுந்திடப் போற!” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

அக்கா அழுதுவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன், கோணிய வாயோடு சிரித்தார். பிறகு நல்ல கையை நீட்டி, மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார்.