படுத்த படுக்கையில் ஓர் அம்பயர்

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது அயனம்பாக்கத்தில். கூரை வேலை பார்க்கும்போது விழுந்ததில் என் கணவருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அன்று சளி நெஞ்சில் கட்டி மூச்சு வாங்கவே, ஆவடியில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?" என்று டாக்டர் கேட்டார். "படுத்த படுக்கைதான் சார்" என்றான் என் கொழுந்தன். பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் டாக்டரின் முகமே மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, "வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரும்மா. இப்படியே கிடக்கிறவரை இன்னும் ஏன் கஷ்டப்படுத்தணும்? வேண்டாம்னா சொல்லிடுங்க" என்றார். இதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"அவரு முழிச்சிக்கினுதானே கீறாரு? அவரையே கேளுங்க சார்!"

டாக்டர் குனிந்து கேட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து இவர் திணறிக்கொண்டே சொன்னார்: "வெச்சிடு சார். மழ வுட்டதும் பொறாப் போட்டி கீது. நான்தான் அம்பயர்."

ஜுரத்தில் உளறுகிறார் என்று டாக்டர் நினைத்துவிட்டார். நான் விளக்கினேன். எங்கள் பக்கத்துப் புறாப் போட்டியில் அதிக நேரம் வானத்தில் நிற்கும் புறாதான் ஜெயிக்கும். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் மற்றவர்களுக்குக் கழுத்து போய்விடும். இவரோ மாடியில் கட்டிலில் மல்லாந்தபடியே, புள்ளியாகத் தெரிவது யார் வீட்டுப் புறா என்று சொல்லிவிடுவார். அவர் "எறங்கிச்சி" என்றால் இறங்கியதுதான், எதிர்ப்பேச்சே கிடையாது.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "உங்களைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார்.

வென்டிலேட்டர் வைத்தார்கள். நான் வேண்டாத சாமி இல்லை. அதை எடுத்த பிறகு, கரகரத்த குரலில் இவர் கேட்ட முதல் கேள்வி, "மழ வுட்டுச்சா?"

மழை என்றைக்கோ விட்டிருந்தது. அம்பயர் வராமல் போட்டி கிடையாது என்று கூட்டாளிகள் தள்ளிப்போட்டிருந்தார்கள். போட்டியன்று காலையில் அவரைத் தூக்க நாலு பேர் வந்தார்கள், மாடிக்கு! விசில் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது, நான் வாய்விட்டு அழுதேன்.

இன்றும் யாராவது விசாரித்தால், "படுத்த படுக்கைதான்" என்று தலை நிமிர்ந்து சொல்கிறேன். அதைக் கேட்டு உச்சுக் கொட்டுகிறவர்களிடம் மட்டும், ஒரு தடவை எங்கள் மாடிக்கு வந்து அவரையே கேட்டுவிட்டுப் போங்கள் என்பேன்.