கேட்டை மறித்த சம்சுன் நிஹார்

சம்சுன் நிஹாரிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் கடற்கரையில் கம்மி. நண்டு வாங்க வந்த வியாபாரி ஒருவன் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான் என்று, ஐஸ் பெட்டி மூடியாலேயே அவன் மண்டையை உடைத்தாள். குடித்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மேல் ஆட்டோவை ஏற்றப் பார்த்தவனுக்கு முன்பல் இரண்டு போனது. போலீஸ் வந்து கேட்டால், "ஆமாங்க, நாந்தான் அடிச்சேன்" என்பாள். மறுக்கத் தெரியாது அவளுக்கு.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, பிரகதீஸ்வரி. பிறந்தது திருமயம் பக்கம். மீமிசலுக்கு வடக்கே இந்தக் கடற்கரைக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருடமாகியும் இவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எனக்குக் குழம்பும். அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் தப்பும் இருக்கிறது.

வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் எடுப்பது அவளுடைய வேலை. காலொடிந்த நண்டைக் கம்பெனிக்காரன் ஓரமாகத் தள்ளிவிடுவான். பத்து விரலிலும் நண்டு கடித்த தழும்பு. கணவர் அபுபக்கர் வாய் திறக்காத மனிதர். அவரும் முத்துராஜும் கூட்டாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். அவர் இவனை "மாப்ள" என்பார், இவன் அவரை "மச்சான்" என்பான். இருபது வருடம் ஒரே படகில் போய்வந்தால் சாதியென்ன, மதமென்ன. முத்துராஜின் மனைவி மூக்காயியும் சம்சுன் நிஹாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நண்டு எடுப்பார்கள், சண்டையும் போடுவார்கள்.

அந்தக் கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. ஊர் முழுக்க என் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. முந்நூறு பேர், நாற்பது ஆடு, ஒரு கல்யாணப் பீரோ. தான் சொல்லும் வரை ஒருவரையும் வெளியே விடக்கூடாது என்று சொல்லி, கேட் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார் கிராம அதிகாரி.

வருவதற்கு முன் ஆண்கள் எல்லாரும் படகைக் கட்டிவிட்டுத்தான் வந்தார்கள். இவர்கள் அறிந்த புயலெல்லாம் வாடை, அதாவது வடக்கிலிருந்து அடிக்கிற காற்று. அதனால் நங்கூரம் எல்லாவற்றையும் வடக்கே பாய்ச்சி, படகின் மூக்கை வடக்கே திருப்பிக் கட்டுவது வழக்கம். அப்பன் கட்டியதும் அப்படித்தான், மகன் கட்டுவதும் அப்படித்தான். தெற்குப் பக்கம் ஒரு கயிறுகூடக் கிடையாது.

வாடை அடித்தது. கூரைத் தகரம் பிய்ந்து மைதானத்தில் வெட்டரிவாள் கணக்காகப் பறந்தது. சத்துணவுக் கூடத்தின் சுவர் சாய்ந்து ஆறு ஆடு செத்தது. பிள்ளைகள் அழுது அழுது தொண்டை கட்டி, பிறகு அழுகையும் வராமல் கிடந்தார்கள். விடிந்து ஆறரை மணிக்குக் காற்று சட்டென்று நின்றது.

ஒரு இலைகூட அசையவில்லை. மாடியில் ஏறிப் பார்த்த ஒருவர் கத்தினார்: "கடலக் காணோம்!" உண்மைதான். அரை மைல் தூரத்துக்குச் சேறு. அதில் படகுகள் ஒருச்சாய்ந்து கிடந்தன. சில படகுகளில் கயிறு அறுந்து தொங்கியது.

ஆண்கள் கேட்டுக்கு ஓடிவந்தார்கள். "வாடை விட்ருச்சு டீச்சர், இனிமே ஒண்ணுமில்ல. தண்ணி ஏறுறதுக்குள்ள போட்ட இறுக்கணும், இன்ஜினக் கழட்டணும். தெறங்க!" நான் முடியாது என்றேன். ஒருவன் கம்பியை உலுக்கினான். இன்னொருவன், "திருமயத்துக்காரிக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?" என்றான். அது சுருக்கென்று தைத்தது. தெரியாதுதானே? சாவியைப் போட்டுத் திறந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த சம்சுன் நிஹார் அடுப்பிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை உருவிக்கொண்டு வந்தாள். முனையில் புகைந்துகொண்டிருந்தது. ஆண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டுக்கு நடுவில் நின்றாள்.

"எவனும் போகக் கூடாது. இது பாதிப் புயலு. மீதி தெக்கேருந்து வரும்."

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, இதே மாதிரி காற்று நின்ற நேரத்தில் படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அவளைப் பெற்ற அத்தா திரும்பி வரவேயில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள், அதுவும் காட்டுக் கத்தலாக.

முன்னால் நின்றது அபுபக்கர்தான். "விலகு நிஹாரு. மாப்ளயும் நானும் போயிட்டு ஒடனே வாரோம்."

"போகாதீங்க."

"விலகுன்னா விலகு."

"போகாதீங்கன்னு சொல்றேன்ல."

அவர் அவளைத் தோளில் தள்ளினார். அவள் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கி அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம், அதற்குள் வராந்தாவுக்கு ஒதுங்கியிருந்த எனக்கே கேட்டது. அவர் விழுந்தார். எழப் பார்த்தார். அதே இடத்தில் இன்னொன்று போட்டாள். "மன்னிச்சுக்கங்க, எந்திரிக்காதீங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். அந்த நேரத்திலும் அவரிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

அபுபக்கரின் தம்பி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவன் விரல்கள் மேலேயே அடி விழுந்தது. ஒருத்தன் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி விழுந்து, கேட் கம்பியைப் பிடித்து எழுந்து, உதைத்தவனின் கன்னத்தில் புகைகிற முனையை வைத்துத் தேய்த்தாள். அவளுக்கும் மூக்கில் ரத்தம். கட்டையைச் சுழற்றிக்கொண்டு, "வாங்கடா, ஒவ்வொருத்தனா வாங்க" என்றாள். நாற்பது ஆண்கள் பின்வாங்கினார்கள்.

முத்துராஜ் மட்டும் மேற்குச் சுவருக்குப் போனான். "அக்கா, மச்சான் வர முடியாது, நானாச்சும் போயி நம்ம போட்டப் பாத்துட்டு வாரேன்" என்று கத்திவிட்டுச் சுவர்மேல் ஏறினான். அவள் பார்த்தாள். கேட்டை விட்டு நகர்ந்தால் மற்ற அத்தனை பேரும் போய்விடுவார்கள். "மாப்ள, எறங்கு!" என்று அபுபக்கர் தரையில் கிடந்தபடி அலறினார். அவன் அந்தப் பக்கம் குதித்துவிட்டான்.

அபுபக்கரை நாலு பேர் தூக்கி வராந்தாவில் கிடத்தினார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தெற்கே வானம் கறுத்தது. இவர்கள் சோழகம் என்கிற தென்காற்று எடுத்த எடுப்பிலேயே வேப்பமரத்தை வேரோடு பிடுங்கிக் கேட்டின் மேலேயே போட்டது. சம்சுன் நிஹாரை நானும் மூக்காயியும்தான் உள்ளே இழுத்தோம். தெற்கே கயிறில்லாத படகுகள் ஒன்றையொன்று மோதி நொறுங்கின. கடல் திரும்பி வந்தது. தெருவுக்குள் புகுந்து, ஒரு படகைக் கொண்டுவந்து ராஜா முகமது வீட்டுச் சுவரை உடைத்து அடுப்படியில் நிறுத்தியது. மாடியிலிருந்து மூக்காயி புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் கருவைக் காட்டில் முத்துராஜ் கிடைத்தான். நங்கூரக் கயிறு இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. உடம்பு முழுக்க முள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் நடப்பதுதான் இங்கும். இருபத்திரண்டு நாள் கரண்டு இல்லை. தார்ப்பாய் லாரியை மறித்துப் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். மரத்தில் சுற்றிய வலைகளை வெட்டி எடுத்தார்கள். அபுபக்கருக்குப் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் காலில் பிளேட் வைத்தார்கள். புயல் நிவாரணத்துக்காகக் காயம்பட்டவர்களைக் கணக்கெடுக்க வந்தவர் படிவத்தை வைத்துக்கொண்டு, "மரம் விழுந்து அடிபட்டுச்சாம்மா?" என்று எடுத்துக் கொடுத்தார். அவள், "மரமில்லைங்க. நான் அடிச்சேன்" என்றாள். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அபுபக்கர் அவளோடு பேசவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாற்பது நாள். அவள் வைத்த சோற்றைத் தின்றார், அவள் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குப் போனார், ஒரு வார்த்தை இல்லை. கூட்டாளி செத்துக்கொண்டிருந்தபோது பொண்டாட்டியிடம் அடிபட்டு விழுந்து கிடந்தவன் என்று ஊர் பேசியது அவர் காதுக்கும் போயிருக்கும். எல்லாரையும் அடிக்கிறவள் அவர் மௌனத்துக்கு முன்னால் ஒடுங்கிப் போனாள். "ஆளு பொழச்சுக் கெடக்காரு டீச்சர், ஆனா எனக்கு இல்ல" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவள் அழுது நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம் மூக்காயி அந்த வீட்டுக்கு வந்தாள். நிவாரணப் படிவம் விஷயமாக நானும் அங்கே இருந்தேன். வந்தவள் சம்சுன் நிஹாரின் முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, ஏறி உட்கார்ந்து, முகத்திலும் மார்பிலும் மாறி மாறி அடித்தாள். சம்சுன் நிஹார் கையைத் தூக்கவே இல்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் திருப்பி அடிக்காமல் அடி வாங்கிக்கொண்டு கிடந்தாள். நான் விலக்கப் போனேன், என்னையும் தள்ளிவிட்டாள்.

"அண்ணன் கால மட்டும் ஒடச்சியே! அவுக சொவரேறுனத நீ பாத்தேல்ல? பாத்துட்டுத்தான நின்ன? எம்புருசன் காலையும் ஒடச்சிருக்கலாம்லக்கா! ரெண்டு காலையும் ஒடச்சிருக்கலாம்ல! முடமா வச்சுக் கஞ்சி ஊத்தியிருப்பேனே..."

அடித்த கை அப்படியே நின்றது. மூக்காயி அவள் மார்பின் மேலேயே கவிழ்ந்து விழுந்து கதறினாள். கீழே கிடந்தவள் அவளைக் கட்டிக்கொண்டாள். யார் எதற்கு அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

கட்டிலில் கிடந்த அபுபக்கர் தன் காலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஹாரு," என்றார், "மூக்காயிக்குத் தண்ணி குடு."

அடுத்த வருடமும் புயல் எச்சரிக்கை வந்தது. ஆண்கள் இந்த முறை வடக்கே ஒரு நங்கூரமும் தெற்கே ஒரு நங்கூரமுமாகப் படகுகளைக் கட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஊன்றுகோலோடு விந்தி விந்தி வந்து சேர்ந்தது அபுபக்கர். நான் கேட் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை, சம்சுன் நிஹாரிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, விறகுக் குவியலில் கனமான கட்டையாகத் தேடினாள்.

மூக்காயி வரும்போதே ஒரு கட்டை கொண்டுவந்திருந்தாள்.

"நீ கேட்டப் பாத்துக்கக்கா," என்றாள். "நான் அங்கிட்டு மேக்குச் சொவத்துக்கிட்ட நிக்கிறேன்."